நூறு புள்ளிகள் எடுத்துத் தந்த மேலாளரை பிரீமியர் லீக்கிலும் நம்பலாமா? (2025 கோடையில் நடந்த உரையாடல்)

வெண்சீருடை:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பின் 2024–25 பருவத்தில் லீட்ஸ் யுனைடெட், பர்ன்லி ஆகிய இரண்டு அணிகளும் தலா 100 புள்ளிகள் எடுத்து முதல் பிரிவான பிரீமியர் லீக்குக்குத் திரும்பியிருக்கின்றன. கோல் வித்தியாசம் (அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தது) லீட்ஸுக்கு 65, பர்ன்லிக்கு 53 என்பதால் கோப்பை லீட்ஸ் ரசிகர்களான எங்களுக்கு வந்தது. அதுவும் எளிதில் வரவில்லை. மே 3ஆம் தேதி பிளைமவுத்தில் ஆட்டம் 1-1 என்று முடியவிருந்த நேரத்தில், 91ஆவது நிமிடத்தில் மேனர் சாலமன் கோல் அடிக்காமல் போயிருந்தால் பர்ன்லிதான் சாம்பியன்.

அதே வாரங்களில், மேலாளர் டேனியல் ஃபார்கேயை மாற்றிவிடலாமா என்ற பேச்சு கிளம்பியதும், பிறகு கிளப் தலைவர் பராக் மராத்தே அவரே தொடர்வார் என்று உறுதிப்படுத்தியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் ஃபார்கேயை மதிப்பவன். இருந்தாலும் என் மனம் முழுமையாக அமைதி அடையவில்லை. நார்விச் அணியை அவர் இரண்டு முறை சாம்பியன்ஷிப்பின் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்: 2018–19இல் 94 புள்ளிகள், 2020–21இல் 97 புள்ளிகள். ஆனால் 2019–20 பிரீமியர் லீக்கில் அதே நார்விச், கடைசி 10 ஆட்டங்களிலும் தோற்று 21 புள்ளிகளோடு அடிமட்டத்தில் முடிந்தது. இரண்டாவது முறை, 2021 நவம்பர் 6ஆம் தேதி பிரென்ட்ஃபோர்டில் அந்தப் பருவத்தின் முதல் வெற்றியைப் பெற்ற சில மணி நேரத்திலேயே அவர் நீக்கப்பட்டார்.

என் கேள்வி இதுதான். இந்த வரலாறு ஃபார்கே என்ற மேலாளரின் எல்லையைக் காட்டுகிறதா, அல்லது அவருக்குக் கிடைத்த வீரர்களின் எல்லையைக் காட்டுகிறதா? கிளப் நிர்வாகம் எடுத்த முடிவு சரியானதுதானா? மற்ற அணிகளின் ரசிகர்களும் தங்கள் அனுபவத்தை வைத்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

நாற்பத்தாறு ஆட்டம்:

வெண்சீருடை அவர்களுக்கு வணக்கம். ஒரே மேலாளரின் வரலாற்றைத் தனியாக எடுத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது என்று நினைக்கிறேன். இதே நிலையில் இருந்த மற்ற கிளப்புகள் என்ன செய்தன, அதனால் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெஸ்ட் பிராம்விச் அணியை 2020இல் மேலே கொண்டுவந்தவர் ஸ்லாவன் பிலிச். அந்த டிசம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் 1-1 என்று டிரா செய்த மறுநாளே அவரை அனுப்பிவிட்டு சாம் அலர்டைஸைக் கொண்டுவந்தார்கள்; அணி தரமிறங்கியது, அதாவது இரண்டாம் பிரிவுக்கே திரும்பியது. 2021இல் முன்னேறிய வாட்ஃபோர்ட், ஏழே ஆட்டங்களில் சிஸ்கோ முனியோஸை நீக்கியது. அவருக்குப் பின் கிளாடியோ ரனியேரியும் ராய் ஹாட்ஜ்சனும் வந்தார்கள். அதே பருவத்தில் வாட்ஃபோர்டும் கீழே போனது. ஃபார்கேயை நீக்கிய நார்விச்சும் 22 புள்ளிகளோடு கடைசி இடத்தில்தான் முடிந்தது. அதாவது, நீங்கள் குறிப்பிடும் அந்த 2021 நீக்கத்தால் நார்விச்சுக்கு எந்தப் பலனும் விளையவில்லை.

மறுபக்கம் பாருங்கள். 2022 அக்டோபரில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் பட்டியலின் அடியில் கிடந்தபோது, ஸ்டீவ் கூப்பரை நீக்கிவிடுவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்த வாரத்தில் நிர்வாகம் அவருக்குப் புதிய ஒப்பந்தம் கொடுத்தது. அந்த அணி 16ஆவது இடத்தில் பிழைத்தது. அதே பருவத்தில் மார்கோ சில்வாவை வைத்திருந்த ஃபுல்ஹாம் 10ஆவது இடத்தில் முடிந்தது. உங்கள் லீட்ஸே 2020இல் மார்செலோ பியல்சாவின் கீழ் 93 புள்ளிகளோடு முன்னேறி, அடுத்த பருவத்தில் 59 புள்ளிகளோடு ஒன்பதாம் இடம் பிடித்த அணிதானே.

விதிவிலக்கும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2022இல் லிவர்பூலிடம் 0-9 என்று தோற்ற மூன்றாம் நாள் போர்ன்மவுத் தன் மேலாளர் ஸ்காட் பார்க்கரை நீக்கியது. பிறகு கேரி ஓ'நீல் பொறுப்பேற்று அணியைக் காப்பாற்றினார். ஆனால் தனக்குத் தந்த அணி இந்தத் தரத்துக்குப் போதாது என்று பார்க்கர் வெளிப்படையாகப் பேசிவந்ததால் அவருக்கும் உரிமையாளருக்கும் இடையே உறவு முறிந்துபோன சூழல் அது. ஆகவே அதை மேலாளரின் திறமைக்குக் கிடைத்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஃபார்கேயின் திறமைக்கு என்னிடம் இருக்கும் சான்று நார்விச்சில் இல்லை. சென்ற ஆண்டின் கோடையில் இருக்கிறது. 2024 மே மாதம் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் சவுத்தாம்ப்டனிடம் 0-1 என்று ப்ளே-ஆஃப் (முதல் இரண்டு இடங்களைத் தவறவிட்ட அணிகள் கடைசி முன்னேற்ற இடத்துக்காக மோதும் சுற்று) இறுதியைத் தோற்ற பின், மூன்று மாதத்துக்குள் ஆர்ச்சி கிரே டோட்டன்ஹாமுக்கும், கிரிசென்சியோ சம்மர்வில் வெஸ்ட் ஹாமுக்கும், ஜியோர்ஜினியோ ரட்டர் பிரைட்டனுக்கும் போய்விட்டார்கள். அந்த மூவரும்தான் அந்த அணியின் உயிர்நாடி. அவர்களுக்குப் பதிலாக வந்தவர்கள் யார்? ஜெர்மனியின் இரண்டாம் பிரிவிலிருந்து அவ் தனாகா, ஷெஃபீல்ட் யுனைடெட்டிலிருந்து ஜேடன் போகிள், இரவலாகச் சாலமனும் ஜோ ராத்வெல்லும். இவர்களை வைத்துக்கொண்டு 90 புள்ளிகளை 100 ஆக்கியவரை, பெரிய வீரர்கள் இருந்ததால்தான் ஜெயித்தார் என்று சொல்வது நியாயம் இல்லை. 46 ஆட்டங்களில் தோற்றவை நான்கு. அந்த நான்கும் 0-1 என்ற கணக்கில்தான்.

குறை என்று சொன்னால், கோல்கீப்பர் இயான் மெல்லியேவைத் தேவைக்கு மேல் நம்பியதைத்தான் சொல்வேன். அக்டோபரில் சண்டர்லாந்தில் கடைசி நிமிடத்தில் ஒரு சாதாரண பந்தைத் தவறவிட்டு வெற்றியை 2-2 ஆக்கினார். மார்ச் 29ஆம் தேதி ஸ்வான்சியுடன் மீண்டும் 2-2 என்று முடிந்த பிறகுதான் அவருக்குப் பதிலாக கார்ல் டார்லோவைக் களமிறக்கினார்கள். டார்லோ நின்ற ஏழு ஆட்டங்களில் ஒன்று டிரா, ஆறு வெற்றி. தன் வீரனை விட்டுக்கொடுக்காத குணம் சாம்பியன்ஷிப்பில் சில புள்ளிகளைத்தான் பறித்தது. பிரீமியர் லீக்கில் அதே பொறுமை ஐந்து மாதம் நீடித்தால் அதற்கு விலை தரமிறக்கம்தான். உங்கள் கவலை எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டால், நான் இதைத்தான் காட்டுவேன்.

டர்ஃப் மூர் மேடை:

ஸ்காட் பார்க்கரின் பெயர் வந்ததால் பர்ன்லி ரசிகனாக நானும் எழுதுகிறேன். எங்கள் கதை லீட்ஸின் கதைக்கு நேர் எதிரானது என்பதால் உங்களுக்கு அது பயன்படலாம்.

வின்சென்ட் கொம்பனியின் பர்ன்லி 2022–23இல் 101 புள்ளிகள் எடுத்தது. பந்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, பின்வரிசையிலிருந்து கட்டி எழுப்பி ஆடிய அந்த ஆட்டத்தைப் பார்ப்பதே இன்பம். அடுத்த பருவத்தில் அதே முறையை பிரீமியர் லீக்கிலும் ஆடி 24 புள்ளிகளோடு கீழே வந்தோம். அவரோ பேயர்ன் மியூனிக்குக்குப் போனார். இரண்டாம் பிரிவில் எதிரணி பின்வாங்கி நின்று நமக்குப் பந்தை விட்டுக்கொடுக்கும். மேலே அப்படி யாரும் விடுவதில்லை, நம் கோலுக்கு முன்னுள்ள பெட்டிக்குள்ளேயே வந்து பந்தைப் பறிக்கிறார்கள். சவுத்தாம்ப்டனுக்கும் இதுவே நடந்தது. ரசல் மார்ட்டின் தன் முறையிலிருந்து விலகவே இல்லை. டிசம்பரில் அவர் நீக்கப்பட்டார், அணி 12 புள்ளிகளோடு முடிந்தது.

பார்க்கர் செய்தது வேறு. 46 ஆட்டங்களில் எங்கள் அணி வாங்கிய கோல்கள் 16 மட்டுமே. 30 ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. நவம்பர் தொடக்கத்தில் மில்வாலிடம் தோற்ற பிறகு பருவம் முடியும்வரை லீக்கில் தோல்வியே கிடையாது. குளிர்காலத்தில் 0-0 என்று வரிசையாக ஆட்டங்கள் முடிந்தபோது எங்கள் மைதானத்திலேயே முணுமுணுப்பு எழுந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜனவரி 17ஆம் தேதி சண்டர்லாந்துக்கு எதிராக எங்கள் கோல்கீப்பர் ஜேம்ஸ் டிராஃபோர்ட் ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் இரண்டு பெனால்டிகளைத் தடுத்து 0-0 என்று காத்தபோது, அந்த ஒரு புள்ளியை வெற்றி போலவே கொண்டாடினோம். ஏப்ரல் வந்ததும் அந்த ஒவ்வொரு புள்ளியின் மதிப்பும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

என் கவலை மேலாளரைப் பற்றியது இல்லை. அவர் எழுப்பிய சுவரின் கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருப்பதைப் பற்றியது. டிராஃபோர்ட் மான்செஸ்டர் சிட்டிக்குத் திரும்பிவிட்டார். மாக்ஸிம் எஸ்டேவுடன் தற்காப்பின் நடுவில் நின்ற சி.ஜே. ஈகன்-ரைலி ஒப்பந்தம் முடிந்து மார்சேய் சென்றுவிட்டார். 18 கோல்கள் அடித்த அணித்தலைவர் ஜோஷ் பிரவுன்ஹிலின் ஒப்பந்தமும் முடிந்துவிட்டது. புதிதாக வந்திருக்கும் 35 வயதான கைல் வாக்கரின் அனுபவம் உதவும் என்றாலும், 46 ஆட்டங்கள் சேர்ந்து ஆடிப் பழகிய புரிதலை ஒரு கோடையில் விலைக்கு வாங்க முடியாது. முன்னேறும் அணிகளின் உண்மையான துயரம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: எந்த அணி ஜெயித்ததோ அந்த அணி ஆகஸ்டில் இருப்பதில்லை. எனவே மேலாளரும் போய்விட்டால், ஜெயித்ததில் மிஞ்சுவது சீருடை மட்டும்தான். ஃபார்கே தொடர்வது சரி என்றே நான் வாக்களிக்கிறேன்.

எஃகு நகரம்:

ஷெஃபீல்ட் யுனைடெட் ரசிகனின் பார்வையையும் பதிவு செய்கிறேன். களத்தில் நாங்கள் எடுத்தவை 92 புள்ளிகள். முந்தைய ஆண்டுகளில் மற்ற கிளப்புகளுக்குத் தர வேண்டிய, வீரர்களை வாங்கியதற்கான தவணைகள் தாமதமானதற்காக இரண்டைக் கழித்ததால் பட்டியலில் 90. மார்ச் இறுதியில் நாங்கள்தான் முதலிடத்தில் இருந்தோம். பிறகு ஆக்ஸ்ஃபோர்ட், மில்வால், பிளைமவுத் என்று ஒரே வாரத்தில் மூன்று தோல்விகள். ஏப்ரல் 21ஆம் தேதி லீட்ஸ் ஸ்டோக் சிட்டியை 6-0 என்று வீழ்த்தியது. ஜோயல் பிரோ நான்கு கோல்கள் அடித்தார். அன்று மாலையே நாங்கள் பர்ன்லியிடம் 1-2 என்று தோற்க, நேரடியாக முன்னேறும் இரண்டு இடங்களும் முடிவாகிவிட்டன.

வெம்ப்ளியில் நடந்த ப்ளே-ஆஃப் இறுதியில் எங்களை வென்ற சண்டர்லாந்து லீக்கில் எங்களுக்கு 14 புள்ளிகள் பின்னால் இருந்தது. டைரீஸ் கேம்ப்பெல் கோலால் முன்னிலை பெற்று, இரண்டாவது கோலை வீடியோ நடுவர் மறுத்து, 76ஆவது நிமிடத்தில் எலியேசர் மயெண்டாவிடமும், காயங்களுக்கான கூடுதல் நேரத்தில் டாம் வாட்சனிடமும் கோல் வாங்கி இழந்தோம். ப்ளே-ஆஃப் முறையை நான் குறை கூற வரவில்லை; விதி ஆகஸ்டிலேயே எல்லோருக்கும் தெரியும்.

நான் சொல்ல வந்தது மேலாளர் விஷயம். ஜூன் மாதத்தில் கிறிஸ் வைல்டரை அனுப்பிவிட்டார்கள். 2019இல் எங்களை மேலே கொண்டுபோய் முதல் பருவத்திலேயே ஒன்பதாம் இடம் பிடித்தவர் அவர். இந்தப் பருவத்தில் அவர் எடுத்த 92 புள்ளிகள் பல ஆண்டுகளில் இரண்டாம் இடத்துக்குப் போதுமானதாக இருந்திருக்கும். அவருடைய இடத்துக்கு வந்திருக்கும் ரூபன் செயஸ், கோல் வித்தியாசத்தால் மட்டுமே தரமிறக்கத்திலிருந்து தப்பிய ஹல் சிட்டியின் மேலாளராக இருந்தவர். புதியவருக்கு என் முழு ஆதரவு உண்டு. ஆனால் ஒரு அணி எப்படி ஆட வேண்டும் என்று வீரர்கள் மனத்தில் பதிந்திருந்ததை அழித்துவிட்டு, ஆறு வாரப் பயிற்சியில் வேறொன்றை எழுத முடியுமா என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. வெண்சீருடை அவர்களே, உங்கள் நிர்வாகம் எடுக்காத அந்த முடிவை எங்கள் நிர்வாகம் எடுத்தது. எது சரி என்று இந்தப் பருவம் காட்டிவிடும்.

வெண்சீருடை:

மூவருக்கும் நன்றி. நாற்பத்தாறு ஆட்டம் அவர்கள் சொன்ன கோல்கீப்பர் விஷயத்தில் லியோனிலிருந்து லூக்காஸ் பெர்ரியை வாங்கியது ஓரளவு ஆறுதல் தருகிறது. நடுவிலும் பின்வரிசையிலும் யாகா பியோல், அன்டோன் ஷ்டாக் போன்ற உயரமும் உடல்வலுவும் கொண்டவர்களைத்தான் இந்தக் கோடையில் தேடியிருக்கிறார்கள். நார்விச்சில் ஃபார்கேக்கு இந்த வசதி கிடைக்கவில்லை. 2019இல் முன்னேறிய பிறகு அந்த கிளப் வீரர்களுக்காகச் செலவிட்டது மிகக் குறைவு, 2021இல் எமிலியானோ புவெண்டியாவையும் விற்றுவிட்டது. சாலமன் டோட்டன்ஹாமுக்கே திரும்பிவிட்ட நிலையில், கோல் அடிக்கப் போவது யார் என்பதுதான் இப்போது தெரியவில்லை. இங்கே ஒரு துணைக் கேள்வி: இன்னும் தாராளமாகச் செலவு செய்ய எது தடையாக இருக்கிறது?

வியர் கரை:

சண்டர்லாந்து ரசிகனாக, துணைக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். உரிமையாளரிடம் பணம் இருந்தாலும் லாப நட்ட விதி கையைக் கட்டுகிறது. 2025–26 பருவத்துக்கான விதிப்படி, பிரீமியர் லீக்கில் நிலைத்திருக்கும் கிளப் மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டு வரை நட்டம் காட்டலாம், அதாவது ஆண்டுக்கு 3.5 கோடி. ஆனால் அந்த மூன்றில் சாம்பியன்ஷிப்பில் கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 1.3 கோடிதான் கணக்கில் சேரும். இரண்டு ஆண்டுகள் கீழே இருந்துவிட்டு இப்போது மேலே வரும் லீட்ஸுக்கு மொத்த எல்லை 6.1 கோடி. பதினேழு அணிகளோடு ஒரே மைதானத்தில் மோத வேண்டும், ஆனால் அவர்களைவிட 4.4 கோடி குறைவான இடத்துக்குள் கணக்கை முடிக்க வேண்டும். 2023–24இலும் 2024–25இலும் முன்னேறிய மூன்று அணிகளும் அப்படியே திரும்பிப் போனதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. இந்த விதி நியாயமற்றது.

இதற்கு எங்களுக்குத் தெரிந்த வழி, விற்று வாங்குவதுதான். கிளப்பிலேயே வளர்ந்த வீரரை விற்றால் அந்தத் தொகை ஏறக்குறைய முழுவதும் லாபமாகக் கணக்கில் ஏறும். வெம்ப்ளியில் வெற்றிக் கோல் அடித்த டாம் வாட்சன் எங்கள் அகாடமியில் வளர்ந்தவர். அந்த ஆட்டத்துக்கு முன்பே பிரைட்டனோடு அவருக்கு ஒப்பந்தம் முடிவாகிவிட்டது. எங்கள் சீருடையில் அவர் கடைசியாகத் தொட்ட பந்துகளில் ஒன்றுதான் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு எங்களை மேலே அனுப்பியது. ஜோப் பெல்லிங்கம் டார்ட்மண்டுக்குப் போனார். அந்தப் பணத்தைக் கொண்டு ஸ்ட்ராஸ்பர்கிலிருந்து ஹபீப் டியாராவையும், இப்போது கிரானிட் ஷாகாவையும் கொண்டுவந்திருக்கிறோம்.

மேலாளர் பற்றியும் ஒரு வார்த்தை. ரெஜிஸ் லெ பிரி எங்களிடம் வந்தபோது, பிரான்சில் லோரியான் அணியோடு தரமிறங்கியவர் என்பதுதான் அவருடைய அறிமுகமாக இருந்தது. லீக்கின் கடைசி ஐந்து ஆட்டங்களையும் தோற்றுவிட்டு ப்ளே-ஆஃபுக்குள் நுழைந்தோம். அப்போது அவரை நீக்க வேண்டும் என்று எழுதியவர்கள் இருந்தார்கள். அரையிறுதியில் கோவென்ட்ரிக்கு எதிராக 122ஆவது நிமிடத்தில் டான் பல்லார்டின் தலை பந்தில் பட்டது, எல்லாம் மாறியது. பழைய தரமிறக்கத்தை ஒரு மேலாளரின் நெற்றியில் நிரந்தரமாக எழுதிவிடக் கூடாது என்பதற்கு எனக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

வெண்சீருடை:

வியர் கரை அவர்கள் தந்த கணக்கு எனக்குத் தெளிவைத் தந்தது. 6.1 கோடி என்ற எல்லைக்குள் நின்றுகொண்டு, புதிய மேலாளரையும் அவருடைய பயிற்சிக் குழுவையும் அவர் கேட்கும் வீரர்களையும் ஒரே கோடையில் கொண்டுவருவது நடக்கக்கூடிய காரியமே இல்லை. ஆகவே ஃபார்கேயைத் தொடரவிட்டது சரி என்ற முடிவுக்கு வருகிறேன். டர்ஃப் மூர் மேடை எழுதியதைப் படித்த பிறகு, அவர் பந்தை வைத்து ஆடும் ஆசையைச் சற்று ஒதுக்கிவைத்து, பார்க்கரைப் போல முதலில் கோல் வாங்காமல் இருக்கப் பழக வேண்டும் என்றும் தோன்றுகிறது. இந்தக் கோடையில் வந்திருக்கும் உயரமான வீரர்களைப் பார்த்தால் அவரும் அதை யோசித்திருப்பதாகவே நம்புகிறேன். ஆகஸ்ட் 18ஆம் தேதி எங்கள் மைதானமான எல்லண்ட் ரோட்டில் எவர்ட்டனோடு முதல் ஆட்டம். அக்டோபர் இறுதிவரை முடிவுகள் எப்படி இருந்தாலும், அவரை நீக்கச் சொல்லி இங்கே நான் எழுதப் போவதில்லை.

எஃகு நகரம்:

நல்லது நண்பரே. நாங்கள் ஆகஸ்ட் 9ஆம் தேதியே தொடங்குகிறோம், அதுவும் ப்ளே-ஆஃப் அரையிறுதியில் இரண்டு ஆட்டங்களிலும் தலா 3-0 என்று வென்ற அதே பிரிஸ்டல் சிட்டியோடு. செயஸின் அணி எப்படி நிற்கிறது என்று ஆட்டம் முடிந்ததும் இங்கே எழுதுகிறேன்.